நீ சொன்னதை நான் மாற்றிச் சொன்ன நாள்

மகன்,

நீளமான தமிழை வாசிப்பது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உனக்கு முதலில் வந்த பாஷை கை. தமிழ் பிறகுதான் வந்தது. அதனால் இந்தக் கடிதத்தில் உள்ளதையெல்லாம் கையாலும் சொல்லி, பதினொரு வீடியோவாக வெட்டி உன் வட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். எழுதினதையும் பத்திரமாக வைத்துக்கொள், நாளைக்கு உன் பிள்ளைகள் யாராவது வாசிக்கலாம். வருகிற சனிக்கிழமை உனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு நீயும் தில்ருக்ஷியும் பாமன்கடையில் வாடகைக்கு எடுத்த அனெக்ஸுக்குப் போய்விடுவீர்கள், கொட்டாஞ்சேனை வீட்டில் நான் தனிய. அதைச் சொல்லி அழ இதை எழுதவில்லை. எனக்கு வேலை இருக்கிறது, கூட்டங்கள் இருக்கின்றன, முழங்கால் இன்னும் மாடிப்படி ஏறுகிறது. உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் தகுதி எனக்கு வந்ததே நான் செய்த ஒரு பிழையால்தான். ஆகவே பிழையிலிருந்து தொடங்குகிறேன்.

நீ பிறக்க முதலே நான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கொம்பனியில் டெலிபோன் ஒபரேட்டர். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கொடுப்பதுதான் என் தொழில். மூன்று பாஷையில் செய்தி எடுப்பேன். ஒருவர் கோபத்தில் கெட்ட வார்த்தை பேசினால், "சேர், அவர் ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னவர்" என்று அதையும் சேர்த்துத்தான் சொல்வேன். ஒரு சொல்லைக் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள் என்று ஒபிஸில் எனக்குப் பெயர். உன் அப்பா அதை வைத்தே என்னைப் பகிடி பண்ணுவார். அப்படிப்பட்ட நான்தான் சொந்தப் பிள்ளையின் சொல்லை மாற்றினேன்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சலோடு உன் காது போனது. அப்பாவுக்குப் பத்துச் சைகைக்கு மேல் வரவில்லை. நான் விடவில்லை. உன் பள்ளிக்கூடத்துக்கு உன்னோடு வந்து, வகுப்பின் பின் வாங்கில் இருந்து, உன் சிநேகிதப் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகினேன். சனம் என்னை மெச்சியது. கோயிலில், கிளினிக்கில், அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில், எல்லாரும் உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் கேள்வி கேட்பார்கள். நானும் உன்னைப் பார்க்காமலே பதில் சொல்வேன். உனக்குப் பதினாறு வயதில் சலூனில் நடந்தது ஞாபகமா? நீ தலைமயிரை நீளமாக விட வேண்டும் என்று ஒரு நடிகனின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு வந்தாய். முடி வெட்டுகிறவர் என்னைப் பார்த்து, "கொட்டத கபன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார், கட்டையாகவா என்று. நான் ஓம் என்றேன். நீ படத்தைத் தூக்கிக் காட்ட முதல் மெஷின் உன் பிடரியில் ஏறிவிட்டது. கண்ணாடிக்குள் நீ என்னைப் பார்த்த பார்வையை நான் சிரித்துக் கடந்தேன். மயிர்தானே, வளரும் என்று நினைத்தேன். அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பிறகு அப்பா செத்தார். உனக்குப் பதினேழு. எனக்கு எல்லாவற்றிலும் பயம் வந்தது. நீ போனுக்குள் போனாய். வேறு இடத்தில் உனக்கு என்ன இருந்தது? தெருவில் யாரும் உன்னோடு கதைக்கவில்லை. போனில் ஊர் ஊராக உன்னைப் போன்ற பிள்ளைகள் கையால் கதைத்தார்கள், சிரித்தார்கள், சண்டை பிடித்தார்கள். பத்தொன்பது வயதில் பேஸ்புக்கில் மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி உனக்கு அறிமுகமானாள். அவளுக்கும் காது கேளாது. ஒவ்வொரு பின்னேரமும் வீடியோ கோலில் இரண்டு பேரும் கை ஓயக் கதைப்பீர்கள். நான் கதவுக்கால் வழியே பார்ப்பேன். யார் எவரென்று தெரியாத பிள்ளை, யாராவது ஏமாற்றுகிறார்களோ, அவள் வீட்டுக்காரர் வந்து உன்னை அவமானப்படுத்துவார்களோ என்று ஆயிரம் யோசனை. ஒருநாள் ரீலோட் போட்டு, காசு நிரப்பித் தருகிறேன் என்று உன் போனை வாங்கினேன். குசினிக்குள் போய், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, உன் பெயரில் அவளுக்கு எழுதினேன். "இனி எனக்கு மெசேஜ் போட வேண்டாம். எனக்கு வேற ஆள் இருக்கு." அனுப்பினேன், அவளைப் புளொக் பண்ணினேன், எழுதினதை அழித்தேன், ரீலோட்டும் போட்டுக் கொண்டுவந்து தந்தேன்.

நீ மாதக்கணக்கில் அவளைத் தேடினாய். சாப்பாட்டைக் கையால் அளைந்துகொண்டு இருப்பாய். நான் உனக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்துத் தந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பு வருகிறது. ஆனால் அப்போது அப்படி இல்லை மகன், உண்மையைச் சொல்கிறேன். அப்போது நான் உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நிம்மதியாக நித்திரையும் கொண்டேன்.

ஐந்து வருஷம் கழித்துத்தான் துஷாந்தி வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பிள்ளை. கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்க ஏலாதவர்கள் எல்லாம் பேஸ்புக், டிக்டொக், வட்ஸ்அப்பை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று அறிய வேண்டுமாம். கேள்விகளைத் தான் மட்டும் இருந்து எழுதினால் பிழைத்துவிடும், உங்களைப் போன்ற ஆட்களே முதலில் இருந்து ஆலோசனை சொல்ல வேண்டும் என்று கேட்டாள். நீ வேலை செய்கிற அச்சகத்துக்கு வந்து உன்னைத்தான் கேட்டாள். நீயும் சந்தோஷமாகத் தலையாட்டினாய். சைகை தெரிந்த ஆளுக்கு என்ன செய்வது என்றபோது, "அன்ரி இருக்கிறா தானே, அவவே வரட்டும்" என்றாள். எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. பிறகு அவள் அதை நினைத்து வருந்தினாள் என்பது உனக்குத் தெரியும்.

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையில் ஒரு மண்டபம். ஏழு பேர் வட்டமாக இருந்தோம். கேள்விக் கொத்தைத் துஷாந்தி எல்லோருக்கும் போனில் அனுப்பியிருந்தாள். கண் தெரியாத யோகன் அண்ணன் தன் போனை எல்லோருக்கும் கேட்கத் தூக்கிப் பிடித்தார். அது "படம், படம், படம்" என்று மட்டும் சொன்னது. "பிள்ளை, நீங்கள் படிவத்தைப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கிறியள். என்ட போன் எழுத்தைத்தான் வாசிக்கும், படத்தை வாசிக்காது" என்றார். துஷாந்திக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு அவர் ஒரு விதி போட்டார். "இங்க யாரும் எதையாவது எழுதிக் காட்டினால் அதைச் சத்தமா வாசிக்க வேணும். எனக்கும் தெரிய வேணும் தானே?" எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நானும்தான். மண்டபத்துக்குப் பின்னால் ரயில் போகும்போது பேசுகிறவர்கள் எல்லாம் வாயை மூடிக் காத்திருப்போம். நீயும் மற்ற இரண்டு பிள்ளைகளும் மட்டும் நிற்காமல் கையால் கதைத்துக்கொண்டே இருப்பீர்கள். முதல் தரமாக ஒரு இடத்தில் நாங்கள் உங்களுக்காகப் பின்தங்கி நின்றோம். நீ அதைக் கண்டு சிரித்தாய்.

ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தீர்கள். "சமூக ஊடகப் பாவனை என்றால் என்னவென்று எங்கட பிள்ளைகளுக்கு விளங்காது, பேஸ்புக், டிக்டொக் என்று பெயரையே போடுங்கள்" என்றாய். கேள்விகளைச் சைகையில் வீடியோவாகத் தர வேண்டும், பதிலையும் வீடியோவாக வாங்க வேண்டும் என்றாய். நான் ஒரு சொல் பிசகாமல் உன் கையைக் குரலாக்கினேன். துஷாந்தி எழுதி எழுதிக் களைத்தாள். இவ்வளவு யோசனை உனக்குள் இருந்ததா? இருபத்து நாலு வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லையே?

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "உங்கள் போனை அல்லது கணக்கை வீட்டில் யாராவது உங்களைக் கேட்காமல் பார்த்திருக்கிறார்களா? உங்கள் பெயரில் எழுதியிருக்கிறார்களா?" அதை நானே உனக்குச் சைகையில் சொன்னேன். நீ நிதானமாகச் சொன்னாய். இது முக்கியமான கேள்வி, கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள், சைகையைக் குரலாக்கவும் வீட்டு ஆள் வேண்டாம். கடைசியாக, எனக்கும் அப்படி நடந்திருக்குமென்று நினைக்கிறேன், என்றாய். அதைச் சொல்லும்போது நீ என்னைப் பார்க்கவில்லை. துஷாந்தியைப் பார்த்தாய்.

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் சொன்னேன்: "இந்தக் கேள்வி தேவையில்லையாம். பிள்ளைகளுக்கு வெட்கமா இருக்குமாம்."

துஷாந்தி பேனையை எடுத்துத் தன் தாளில் இருந்த அந்தக் கேள்வியின் மேல் ஒரு கோடு போட்டாள். நீ அந்தக் கோட்டைக் கண்டாய். கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள் என்று சொன்னவனுக்கு முன்னால் அவர்கள் அதை வெட்டினார்கள். நீ மெல்ல என் பக்கம் திரும்பினாய். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். நீ போனை எடுத்து எழுதித் துஷாந்தியிடம் நீட்டினாய். அவள் அதை மனதுக்குள் வாசித்தாள். "என்ன எழுதியிருக்கு? சத்தமா வாசியுங்கோ" என்றார் யோகன் அண்ணன். அவள் என்னைப் பார்த்தாள். விதி விதிதான். வாசித்தாள்: "நான் சொன்னது அம்மா சொல்லவில்லை. கேள்வி வெட்ட வேண்டாம். அம்மா அப்பா பக்கத்தில் கேட்க வேண்டாம். பிள்ளை பயம். பொய் சொல்லும்."

என் தொழிலில் நான் ஒருநாளும் கேட்காத சொல் அது, நான் சொல்லவில்லை என்று. எழும்பி வெளியே போய்விட்டேன். எவ்வளவு நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. கூட்டம் முடிந்து நீ வந்தாய். காலி வீதியில் பஸ் ஏறினோம். கோட்டை வரை நீ யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாய். நீ முகத்தைத் திருப்பினால் எனக்கு வாயில்லை மகன். கூப்பிட்டாலும் உனக்குக் கேளாது.

வீட்டுக்கு வந்து மேசைக்கு முன்னால் உட்காரவைத்து நீ கேட்டது ஒரே ஒரு சொல். "ஏன்?" நான் சமாளித்திருக்கலாம். களைப்பு, பிழையாக விளங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் நீ நம்பியும் இருப்பாய். எனக்குப் பொய் ஏலாமல் போய்விட்டது. மட்டக்களப்புப் பிள்ளைக்கு நான் எழுதினதைச் சொன்னேன். அழுதுகொண்டு அரைகுறையாகத்தான் சொன்னேன். அதனால்தான் மேலே முழுவதையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். நீ கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. உன் கட்டிலைத் திருப்பிப் போட்டாய், சுவரைப் பார்த்துப் படுக்க. ஒன்பது நாள் என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் துஷாந்தி வீட்டுக்கு வந்தாள். நீ வேலைக்குப் போயிருந்தாய். ஏசப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் இருந்து, "அன்ரி, பிழை எனக்கும் தான். உங்களைக் குரலா வைச்சது நான். சம்பளத்துக்கு ஒரு இன்ரப்ரெட்டரைப் பிடிச்சிருக்க வேணும். சுகமா இருக்கும் எண்டு நினைச்சு உங்களையும் அவரையும் அந்த இடத்தில நிப்பாட்டிப்போட்டன்" என்றாள்.

"இனி நான் அந்தப் பக்கம் வரமாட்டன் பிள்ளை" என்றேன்.

"வர வேணும். அவர்ட குரலா வேண்டாம். உங்கட குரலில. பெற்றாரிட்டையும் கேள்வி கேட்கப் போறம். எப்பிடிக் கேட்டால் உண்மை சொல்லுவினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அன்று பின்னேரம் நான் உன் முன்னால் போய் நின்று, போகட்டுமா என்று கேட்டேன். உன்னை அனுமதி கேட்டது அதுதான் முதல் தரம். நீ என் முகத்தை நேராகப் பார்த்தாய். "போ. ஆனால் உன்னைப் பற்றிச் சொல். என்னைப் பற்றிச் சொல்லாதே" என்றாய்.

போனேன். பெற்றாருக்கென்று வேறு நாளில் வேறு கூட்டம். துஷாந்தி எழுதி வைத்திருந்த கேள்வி: "உங்கள் பிள்ளையின் சமூக ஊடகக் கணக்கை நீங்கள் கட்டுப்படுத்துகிறீர்களா?" "இதுக்கு உலகத்தில ஒரு தாயும் ஓம் எண்டு சொல்லமாட்டா" என்றேன். "கட்டுப்படுத்துறன் எண்டு எந்தத் தாய் நினைக்கிறா? கவனிக்கிறன் எண்டுதான் நினைக்கிறா. நீங்கள் இப்பிடிக் கேளுங்கோ. கடைசியா எப்ப பிள்ளையின்ட போனைத் திறந்து பார்த்தனீங்கள்? அப்ப உங்களுக்கு என்ன பயம் இருந்தது? பார்த்தாப் பிறகு என்ன செய்தனீங்கள்?" அப்படியே எழுதினார்கள். முதல் ஒத்திகையில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தகப்பன் இரண்டாவது கேள்வியிலேயே அழத் தொடங்கினார். கல்கிசையில் இருந்து வந்தவர், பெரிய உத்தியோகம். அந்த ஆய்வில் என் கை பட்ட கேள்வி அதுதான். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் அதையும் ஒன்றாக எண்ணுகிறேன், கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

உன் பக்கத்தில் நடந்ததை நீ அறிவாய். நீ சொன்னபடி கேள்விகள் சைகை வீடியோவாக வந்தன, வீடியோவில் கேட்டவனும் நீதான். வீட்டு ஆட்கள் வெளியே இருந்தார்கள். சம்பளத்துக்கு இன்ரப்ரெட்டர் வந்தார். வெட்டப்பட்ட கேள்வி திரும்பவும் உள்ளே போனது. அதற்குப் பிள்ளைகள் என்ன பதில் சொன்னார்கள் என்று நான் உன்னைக் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அது அவர்களுடையது. மட்டக்களப்புப் பிள்ளையை நீ தேடிக் கண்டுபிடித்தாய். அவள் கல்யாணம் முடித்து ஒரு குழந்தையோடு இருந்தாள். நடந்ததை எழுதினாய். அவள் எழுதின பதிலை ஒருநாள் நீயாகவே எனக்குக் காட்டினாய். "இப்பவாவது தெரிஞ்சது நல்லம். நான் என்னில பிழை எண்டு நினைச்சிருந்தன்." உன்னை மட்டும் அல்ல, காணாத ஒரு பிள்ளையையும் ஐந்து வருஷம் தன்னை நொந்துகொள்ள வைத்திருக்கிறேன். நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கட்டிலை மட்டும் பழையபடி திருப்பிப் போட்டாய். எனக்கு அது போதும்.

தில்ருக்ஷியை அந்த ஆய்வில்தான் சந்தித்தாய். களனியில் இருந்து வந்த ஆலோசகர். சிங்களப் பிள்ளை என்று எங்கள் சொந்தக்காரர் முணுமுணுத்தார்கள். உங்கள் கைகளுக்குள் சிங்களம் எது தமிழ் எது என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னேன், வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் கோபத்தை மறைக்கத் தெரியாதவள். அவளுக்கு எழுத்து உன்னளவு வராது, உதட்டைப் பார்த்துப் பேச்சை விளங்கவும் வராது. உனக்கு இரண்டும் வரும். இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

போன மாதம் கல்யாண மண்டபம் பதியப் போனோம். அங்கே இருந்த மனேஜர் பூப் படங்களைத் தில்ருக்ஷியிடம் நீட்டி, மணமகளுக்கு என்ன நிறப் பூ வேண்டும் என்று கேட்டார். அவள் கை மடியிலிருந்து எழும்புகிறது. நீ அதற்குள் போனில் "வெள்ளை" என்று எழுதி அவருக்குக் காட்டிவிட்டாய். அவர் குறித்துக்கொண்டார். அவள் கை அப்படியே கீழே போனது. நீ கவனிக்கவில்லை. சலூன் கண்ணாடிக்குள் ஒருநாள் நான் கண்ட பார்வையை அவள் முகத்தில் கண்டேன். பிறகு தனியாக அவளைக் கேட்டேன். அவளுக்கு விருப்பம் மஞ்சளாம். "பரவாயில்லை, அவர் ஆசையில் சொன்னவர்" என்றாள். நானும் ஆசையில்தான் செய்தேன் மகன். முழுக்க முழுக்க ஆசையில்.

நீ கெட்டவன் இல்லை. கெட்டிக்காரன். கெட்டிக்காரருக்குத்தான் இந்த வியாதி வரும். கடைக்காரன் உன்னைப் பார்த்துக் கேட்பான், டொக்டர் உன்னைப் பார்த்துக் கேட்பார், உனக்குப் பதிலும் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் பொறு. அவள் சொல்லி முடிக்கட்டும். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய போனை எடுக்காதே, நல்ல காரியத்துக்கென்றாலும் எடுக்காதே. உங்களுக்குக் காது கேட்கிற பிள்ளை பிறந்தால் இன்னும் கவனம். ஐந்து வயதில் அதை உங்கள் இரண்டு பேருக்கும் குரலாக்கிவிட எல்லோரும் நிற்பார்கள், சுகமாக இருக்கும் என்று. அந்தப் பிள்ளையை விளையாட விடுங்கள். இன்ரப்ரெட்டரைக் கேட்டு வாங்குங்கள். கேட்க உனக்குத் தெரியும், ஒரு பல்கலைக்கழகத்தையே கேட்க வைத்தவன் நீ.

பெற்றாருக்கென்று போடுகிற புத்தகத்தில் இந்தக் கடிதத்தைச் சேர்க்கலாமா என்று துஷாந்தி கேட்டாள். இதில் பாதி உன்னுடையது, அதனால் உன்னைக் கேட்காமல் பதில் சொல்ல ஏலாது என்று சொல்லிவிட்டேன். நீயும் தில்ருக்ஷியும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பூக்கடைக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதை மாற்றுவது என் வேலை இல்லை. வியாழன் வரை நேரம் இருக்கிறது, நீ அவளைக் கேள். சனிக்கிழமை கோயிலில் பாதர் உங்கள் இரண்டு பேரையும் சம்மதம் கேட்பார். இன்ரப்ரெட்டர் பிள்ளை பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும். நீங்கள் கையால் பதில் சொல்லும்போது நம் சொந்தக்காரர் பழக்கதோஷத்தில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், என்ன சொல்கிறான், என்ன சொல்கிறாள் என்று. நான் முன் வாங்கில் இருப்பேன். நீங்கள் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கும். வாயே திறக்கமாட்டேன்.

அம்மா